விரலால் காட்ட முடியாத சொற்கள்

விரலால் காட்டக்கூடிய எதற்கும் அவர் சொல் தரமாட்டார். மேசைக்கு ஸ்பானிய மொழியில் என்ன, கதவுக்கு என்ன, கோப்பைக்கு என்ன என்று வகுப்பில் யாராவது கேட்டால், ஆள்காட்டி விரலை நீட்டி அந்தப் பொருளையே காட்டுவார். "இப்படிக் காட்டுங்க, போதும். கடைக்காரனுக்கு வெளங்கும். ஆனா நீங்க வாங்க வந்தீங்களா, விக்க வந்தீங்களா, ஒடஞ்சு போச்சுன்னு திருப்பிக் குடுக்க வந்தீங்களான்னு விரலுக்குச் சொல்லத் தெரியாது. அதுக்குத்தான் வாய்."

ஆகவே அவர் எங்களுக்குக் கற்றுத் தந்தது வினைச்சொற்கள் மட்டும். மூன்று மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு. நான் எண்ணி வைத்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருட அரசாங்க சேவையில் ஓய்வூதியம் நீங்கலாக எனக்கு மிஞ்சியது இந்த எண்ணும் பழக்கம்தான்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெயரும் விரலால் காட்டக்கூடியதுதான். ஹட்டனில் இன்றும் காட்டுவார்கள்.

வகுப்பு ஹட்டனில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் இரண்டு மணி. ஒரு பக்கம் வர்ண டின்கள், மறுபக்கம் சுருட்டி வைத்த கம்பி வலை, நடுவில் நாங்கள் ஐந்து பேர். இரண்டு ஓட்டோக்காரர்கள், சுற்றுலாப் பயணிகளை மலையேற்றிக் கூட்டிப் போகும் வழிகாட்டி ஒருவர், பழைய துரை பங்களா ஒன்றை விடுதியாக்கிய இடத்தில் வரவேற்பில் நிற்கும் ஒரு பெண், அறுபத்தாறு வயதில் நான். டீச்சருக்கு ஐம்பது இருக்கும். குட்டையான உருவம். எந்தக் காலநிலையிலும் ஆண்கள் போடும் சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை ஒன்று. கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். வகுப்பு முடியும்வரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னால், பழக்கமில்லை என்பார்.

பத்து வருடம் ஒரு ஸ்பானிய எஞ்சினியரின் குடும்பத்தில் வீட்டு வேலை செய்தவர். முதலில் குவைத்தில், பிறகு அவர்களோடு ஸ்பெயினுக்கே போய் அங்கே நான்கு வருடம். அந்த வீட்டில் யாரும் அவருக்கு மொழி சொல்லிக் கொடுக்கவில்லை. வேலை சொன்னார்கள். சொன்ன வேலைகளை அரிசிப் பொதியின் காகிதத்தைக் கிழித்துத் தமிழில் எழுதி, சமையலறை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்தாராம். லவார், கழுவுவது. த்ராயேர், கொண்டு வருவது. எஸ்பெரார், காத்திருப்பது. எரிந்து போவதற்கான சொல்லை எஞ்சினியரின் வெள்ளைச் சட்டை ஒன்றை இஸ்திரிப்பெட்டியால் கருக்கிய அன்று கற்றுக்கொண்டாராம். "கெமார். ஒரே தடவதான் சொன்னாங்க. ஆயுசுக்கும் மறக்காது" என்பார், சிரிக்காமல்.

செய்யாத வேலைக்கு அவரிடம் சொல் கிடையாது. நான் ஒருமுறை, பரிந்துரைப்பது, அங்கீகரிப்பது, சமர்ப்பிப்பது ஆகிய மூன்றுக்கும் வினைச்சொல் கேட்டேன். அவை இல்லாமல் ஒரு மனிதனால் எப்படி நாலு பேரோடு பேச முடியும் என்று நான் உண்மையாகவே நினைத்திருந்த காலம் அது. அவர் கம்பளிச் சட்டையின் கையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"அந்த வீட்டுல யாரும் என்கிட்ட அங்கீகாரம் கேக்கல சேர்."

ஓட்டோக்காரர்களில் மூத்தவனான செல்வா அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னை ஏற்றிக்கொள்ளும் போதெல்லாம், போகலாமா, அங்கீகாரம் கிடைச்சுதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

மனப்பாடம் செய்விக்க அவர் கைக்கொண்ட முறையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலை வேலைக்குப் போகுமுன் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அதேதான். எங்கள் பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு வினைச்சொல்லைப் பெயராக வைத்தார். செல்வா 'ஈர்', போவது. வழிகாட்டி 'சுபீர்', ஏறுவது. ஒவ்வொரு நாளும் காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப்பில் அவருடைய குரல் வரும். தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பேர் கூப்பிடும் அதே ராகத்தில் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெயருக்கு இரண்டு விநாடி இடைவெளி விட்டு, கடைசியில் அன்றைய புதுச் சொல்லைச் சொல்வார். நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லி, அந்த வேலையைச் செய்துகொண்டே குரல் அனுப்ப வேண்டும். குடிப்பது என்றால் தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்க வேண்டும். ஏறுவது, இறங்குவது இரண்டையும் அவர் தந்த ஞாயிறு, இரும்புக்கடைப் படியில் நான் பதினொரு தடவை ஏறி இறங்கினேன். சுபீர், பஹார், சுபீர், பஹார். கீழே ஆணி வாங்க வந்த ஒருவர், யாருக்கோ வேண்டுதல் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

எனக்கு வைத்த பெயர் 'எஸ்பெரார்'. காத்திருப்பது. வயதானவர், ஆறுதலாக இருக்கிறார், அதனால்தான் என்று நினைத்து நன்றி சொன்னேன். அவர் அன்றுதான் சொன்னார், வர்ண டின்களைத் துடைத்துக்கொண்டே, மற்றவர்களும் கேட்கும்படி. வெளிநாடு போகும் பெண்களுக்கு நான் வேலை பார்த்த பிரதேச செயலகத்தில் குடும்பப் பின்னணி அறிக்கை எடுக்க வேண்டும் அல்லவா, அதற்காக என் மேசைக்கு மூன்று தடவை வந்திருக்கிறார். முதல் தடவை கணவரின் கையொப்பம் இல்லை என்று அனுப்பினேனாம். இரண்டாம் தடவை, கணவர் இறந்துவிட்டார் என்றால் மரணச் சான்றிதழின் பிரதி எங்கே என்று அனுப்பினேனாம்.

"மூணாவது தரம் காலையில எட்டு மணிக்கு வந்தேன். மூணரைக்குக் கையெழுத்துப் போட்டீங்க. நிமிந்து கூடப் பாக்கல. அதான் சேர், உங்களுக்கு அந்தப் பேரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடைமுறை அதுதான் என்று விளக்கவும் செய்தேன். விதவையின் விண்ணப்பத்தோடு சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி இணைக்கப்பட வேண்டும். எனக்கு அந்த முகம் நினைவில் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது முகம். அவர் அதைக் கோபமாகச் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பட்டும் நம்மிடம் சிரித்துப் பேசுகிறாரே என்று அன்றைக்கு அவர் மேல் மரியாதை கூடியது. இன்று யோசித்தால், அந்த மரியாதைக்குள் என்னை நானே மன்னித்துக்கொண்ட நிம்மதியும் இருந்தது.

இந்த வயதில் நான் ஏன் ஸ்பானிய வினைச்சொற்களோடு படியேறினேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டம் றொசல்லவுக்கு மேலே. அதில் இரண்டு பிரிவு. ரயில் நிலையத்திலிருந்து பார்த்தால் தெரிவது கீழ்க்கணக்கு. மேகத்துக்குள் இருப்பது மேல்கணக்கு. நான் பிறந்தது மேல்கணக்கு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஓய்வு பெற்றதும் திரும்பிப் போய் அதே லயத்தின் ஓரத்தில் இரண்டு அறை கட்டிக்கொண்டேன். பக்கத்துக் காம்பராவில் என் அக்கா. எழுபத்தொரு வயது. முன்பு லயத்துக்கு எதிரேயே பீலி இருந்தது. மலையூற்றின் தண்ணீர் குழாய் வழியாக இரவு பகலாக விழுந்துகொண்டிருக்கும். ஒரு மண்சரிவுக்குப் பிறகு ஊற்று இடம் மாறிவிட்டது. இப்போது மேல்கணக்கு ஆட்களுக்குப் பக்கத்தில் உள்ள பீலி இருநூற்று முப்பது படிக்குக் கீழே. அக்கா காலையில் இரண்டு குடம், பின்நேரம் ஒரு குடம். என்னைத் தூக்க விடமாட்டார். ஆபீஸ் உத்தியோகம் பார்த்தவன் குடம் தூக்கினால் லயத்தில் சிரிப்பார்கள் என்பார். சிரிப்பார்கள்தான்.

நான் கடிதம் எழுதினேன். எனக்குத் தெரிந்த வேலை அது. சம்பந்தப்பட்ட காரியாலயம் எதையும் விடாமல், பிரதிகளோடு, முன்னைய கடிதங்களின் இலக்கங்களைக் குறிப்பிட்டு, பதினொரு வருடம் எழுதினேன். பதில்களும் ஒழுங்காக வந்தன. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது, உரிய நடவடிக்கைக்காக அனுப்பி வைக்கப்பட்டுள்ளது. அந்த வாக்கியத்தின் ஓசையில் எனக்கு ஒரு பெருமை கூட உண்டு. அதில் பாதியை நானே ஒரு காலத்தில் அமைத்தேன்.

அப்போதுதான் ஸ்பெயினிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் வருவதாகத் தோட்டத்துக்குச் செய்தி வந்தது. இந்தத் தோட்டத்தில் ஒரு பிரிவுக்குக் குழாய்த் தண்ணீர் போட்டுக் கொடுப்பார்கள். ஒன்றுக்கு மட்டும். எதற்கென்று வந்து, பார்த்து, ஆட்களோடு பேசித் தீர்மானிப்பார்கள். வருகிறவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மொழிபெயர்க்க உள்ளூரில் ஒருவரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கேட்டார். டீச்சரைப் பற்றிச் செல்வாவிடம் கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். நான் ஆங்கிலத்தில் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினேன். நம்பகமானவர், நடுநிலையானவர், இவருடைய நேர்மைக்கு நான் உத்தரவாதம். அதோடு நிற்கவில்லை. கடிதக் கோவையை வாசிக்காமல் கூட்டத்துக்குப் போவது என் வழக்கமில்லை. வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கும் கொஞ்சம் விளங்க வேண்டும். வகுப்பில் சேர்ந்தேன்.

அந்த மூன்று மாதமும் வகுப்பே எங்கள் தண்ணீருக்காக நடந்தது போலத்தான் இருந்தது. யெனார், நிரப்புவது. யெவார், சுமந்து போவது. யெகார், வந்து சேர்வது. உதாரணம் எல்லாம் மேல்கணக்கு. இருக்கிறது, இல்லை என்று சொல்லப் படித்த அன்று, எங்கள் ஐந்து பேரையும் எழுந்து நிற்க வைத்து இருபது தடவை ஒரே வசனத்தைச் சொல்ல வைத்தார். மேலே இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் இல்லை. நோ தியேனென் ஆகுவா. இரும்புக்கடைக்காரர் கீழேயிருந்து ஆளனுப்பி, யார் வீட்டில் சாவு என்று விசாரித்தார்.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் மேல்கணக்குக்கே வந்தார். எங்கள் அக்கா ரொட்டியும் கட்டச்சம்பலும் செய்து வைத்திருந்தார். நின்றபடியே சாப்பிட்டு முடித்ததும் டீச்சர், சும்மாடு இருக்கிறதா என்று கேட்டார். துணியைச் சுருட்டித் தலையில் வைத்து, அக்காவின் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்கினார். இருநூற்று முப்பது படி ஏறி வந்தபோது ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்து, "யெவார்" என்றார். அவ்வளவுதான். அக்கா அவருடைய கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியோரம் சொடுக்கினார். எங்கள் வீட்டில் அது என் பிள்ளைகளுக்குக் கூட அடிக்கடி கிடைக்காத ஒன்று.

இவ்வளவையும் சொல்வது, எனக்கு அவர் மேல் எந்தச் சந்தேகமும் வரக் காரணம் இருக்கவில்லை என்று பதிவு செய்யத்தான்.

வந்தவர்கள் இரண்டு பேர். தொப்பி போட்ட உயரமான ஒருவர், குறிப்புப் புத்தகத்தோடு ஒரு பெண். மேல்கணக்கு லயத்து வாசலில் கதிரைகள் போட்டிருந்தோம். யாரும் உட்காரவில்லை. துரை குடை பிடித்துக்கொண்டு நின்றார். மழை இல்லை, தூறல் மாதிரி மேகம்தான் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. யார் பேசுவது என்று முதல் நாளே தீர்மானித்திருந்தோம். அக்கா முன்னால் வந்தார். டீச்சர் பக்கத்தில், சாம்பல்நிறச் சட்டையோடு. நான் அவர்களுக்கு நான்கு அடி தள்ளி, கையில் பதினொரு வருடக் கோவையோடு.

அக்கா மேடையில் பேசிப் பழகாதவர். ஆனாலும் நன்றாகவே சொன்னார். "எங்களுக்குத் தண்ணி வாரதில்ல. கீழ எறங்கிப் பிடிச்சு, செமந்துக்கிட்டு ஏறி வாறோம். மழை நாளையில படி வழுக்குது. போன மாரியில பக்கத்து வீட்டுப் புள்ள கொடத்தோட விழுந்து கால் ஒடஞ்சுது."

டீச்சர் அந்த இருவரையும் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், பரீட்சை முடிவு பார்க்கிற மாணவன் மாதிரி. பஹான், இறங்குகிறார்கள். யெனான், நிரப்புகிறார்கள். சுபென், ஏறுகிறார்கள். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த ஆள் எதிரே வந்து சிரிப்பது போல வந்து நின்றது. என்னால் நம்ப முடியவில்லை, எனக்கு எல்லாமே விளங்கியது. அடுத்து வரப்போகிற வசனத்தை என் உதடு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னார்: தியேனென் ஆகுவா.

தண்ணீர் இருக்கிறது.

எனக்குத்தான் பிழையாகக் கேட்டதோ என்று நினைத்தேன். குறிப்பெடுத்த பெண் தலையை ஆட்டி, அவரும் அதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்டார். தியேனென் ஆகுவா? டீச்சர், ஆம் என்றார். நல்ல தண்ணீர், குடிக்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு அவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். மூன்று மாதமாகச் சொல்லே தேவையில்லை என்று எங்களுக்குக் காட்டிய அந்த விரலை நீட்டி, மலைக்குக் கீழே மேகத்துக்குள் காட்டினார். அபாஹோ, நோ தியேனென். கீழேதான் இல்லை.

வந்தவர்கள் கீழே பார்த்தார்கள். துரையும் பார்த்தார். அக்கா, தான் சொன்னது இவ்வளவு கவனமாகக் கேட்கப்படுகிறதே என்ற நிறைவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சொல்லி முடித்த டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நேராக. இரண்டு விநாடி இருக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு ஒரு நடைமுறை விளக்கம் உண்டு. கூட்டத்தில், வெளியாட்கள் முன்னால், நம் பக்கத்துப் பிரதிநிதியை மறுக்கக்கூடாது. திருத்தம் இருந்தால் எழுத்தில் பிறகு அனுப்ப வேண்டும். அந்த விதியை எத்தனையோ இளைய உத்தியோகத்தர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்னொரு விளக்கமும் உண்டு. துரையும் வெள்ளைக்காரர்களும் லயத்து ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அறுபத்தாறு வயதில், ஒற்றை வினைச்சொல்லை உளறி நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. என்னிடம் அந்த வசனம் இருந்தது. இருபது தடவை சொல்லிப் பழகிய வசனம்.

அவர்கள் கீழே இறங்கத் தொடங்கியதும் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"என்னடா சொன்னா? நான் சொன்னதச் சரியாச் சொன்னாளா?"

"நீங்க சொன்னதத்தான் சொன்னாங்க" என்றேன்.

கீழ்க்கணக்குக்கு நானும் போனேன். லயத்து முன்வாசலில் பெண்கள் திரண்டு நின்றார்கள். வெள்ளைக்காரர்களை அல்ல, டீச்சரைத்தான் முதலில் சூழ்ந்துகொண்டார்கள். கம்பளிச் சட்டையின் கையை ஒருத்தி இழுத்தாள். அக்கா, சின்னம்மா, மதினி என்று ஆளுக்கொரு முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். நாலாவது காம்பரா வாசலில் ஒரு கிழவி சாய்ந்திருந்தார். டீச்சர் போய் அவர் காலருகே படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன். பிறகுதான் கிழவியின் முகமும் டீச்சரின் முகமும் ஒன்றாக இருப்பது தெரிந்தது.

குடும்பப் பின்னணி அறிக்கையின் முதல் பக்கத்தில், பெயருக்கும் பிறந்த திகதிக்கும் கீழே, நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் உண்டு. கீழ்க்கணக்கு லயம், நாலாம் இலக்கக் காம்பரா என்று அதில் எழுதியிருந்திருக்கும். கையொப்பம் இல்லை, பிரதி இல்லை என்று இரண்டு தடவை திருப்பியனுப்பி, மூன்றாம் தடவை அதன் கீழே கையெழுத்தும் போட்டவன் நான். ஹட்டனில் வாடகைக்கு இருக்கும் ஒருவருக்கு நிரந்தர முகவரி எது என்று கேட்கத் தோன்றாமல், நடுநிலையானவர் என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

மறுநாளே ஆங்கிலத்தில் விளக்கக் கடிதம் அனுப்பினேன், மூன்று பிரதிகளோடு. தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது என்று பதில் வந்தது. ஸ்பெயின்காரர்களும் அதே வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள். இரண்டு மாதத்தில் கீழ்க்கணக்குக்குக் குழாய் லொறியில் வந்து இறங்கியது.

நான் வகுப்பை நிறுத்தினேன். காலைப் பெரட்டு நிற்கவில்லை. ஐந்தரைக்கு அந்தக் குரல் தினமும் வந்தது. ஈர். சுபீர். எஸ்பெரார். என் பெயருக்கும் அதே இரண்டு விநாடி விட்டுவிட்டு, "எஸ்பெரார் வரல" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். ஒரு நாளும் தவறவில்லை. அழித்துவிடலாம் என்று நினைப்பேன். கேட்டுவிட்டுத்தான் அழிப்பேன். கோபத்தில் ஒருநாள் இந்தக் குறிப்பை 'அவள்' என்று எழுதத் தொடங்கினேன். நாலு வரிக்கு மேல் போகவில்லை.

போன பங்குனியில் பீலியும் மெலிந்துவிட்டது. மேல்கணக்குப் பெண்கள் கீழ்க்கணக்குக் குழாய்க்கே இறங்க வேண்டி வந்தது. அக்காவும் போனார். அங்கே வரிசையில் நிற்கும்போது டீச்சரின் அம்மாவோடு பழக்கமாகிவிட்டதாகச் சொன்னார். ஒரு நாள் எங்கள் மரத்துப் பேரிக்காயை ஒரு பை நிறையப் பறித்து என்னிடம் தந்தார்.

"அந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டு வா. நமக்காக அவ்வளவு தூரம் வந்து பேசினா. வெள்ளைக்காரனுக்கு வெளங்காததுக்கு அவ என்ன செய்வா?"

மறுக்க ஒரு வழிதான் இருந்தது. அதற்கு நான் முதலில் என் பொய்யைச் சொல்ல வேண்டும். பையை எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிறு. வகுப்பு முடிந்திருந்தது. இரும்புக்கடை மேல்மாடியில் அவர் தனியே தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். பையை வாங்கி, யார் கொடுத்தது என்று கேட்டார். சொன்னேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் பேரிக்காய்களை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தார்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க சொன்னது எனக்கு விளங்கிச்சு" என்றேன்.

"தெரியும் சேர். நான்தானே படிச்சுக் குடுத்தேன்."

மேல்கணக்கில் தண்ணீர் தூரம், கீழ்க்கணக்கில் தண்ணீர் நஞ்சு என்றார். கொழுந்துக்கு அடிக்கும் மருந்து மழையில் கழுவிக்கொண்டு அவர்கள் கிணற்றில்தான் இறங்குகிறதாம். தன் அக்காவின் பிள்ளைகள் இரண்டும் சொறியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்ததை ஸ்பெயினில் இருந்துகொண்டு போனில் பார்த்தாராம். பதினொரு வருடம் கடிதம் எழுதினீர்களே, கீழ்க்கணக்கைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா என்று கேட்டார். எழுதவில்லை. அது எனக்குத் தெரியாது என்றேன். "கேக்கலியே" என்றார்.

"அதுக்கு எங்க அக்காவோட வாயையா எடுத்துக்கணும்? அவங்க கையால சாப்பிட்டீங்க. அவங்க கொடத்தத் தூக்கினீங்க."

அவர் முகம் முதல் தடவையாக மாறியது. கையிலிருந்த பேரிக்காயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லிட்டு உங்களப் பார்த்தேன்ல சேர். நீங்க ஒரு 'நோ' சொல்லியிருந்தா, பிழையாச் சொல்லிட்டேன்னு திருத்திச் சொல்லியிருப்பேன். உள்ளபடி சொல்லியிருப்பேன். பார்த்துக்கிட்டே நின்னேன். நீங்க பைலப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. நான் வாய் திறந்திருந்தால் திருத்தியிருப்பாரா, அல்லது என்னை வாயடைக்க அந்த நேரத்தில் கண்டுபிடித்த சொல்லா. பத்து வருடம் இன்னொருவர் வீட்டில் நின்றுகொண்டே இருந்தவர். யார் எப்போது பேசமாட்டார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். என்னைத் தெரிந்துதான் அப்படிச் செய்தார் என்று சில நாட்கள் நினைக்கிறேன். அந்த இரண்டு விநாடியில் எனக்கொரு இடம் விட்டார் என்று சில நாட்கள். இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்றும் என்னால் தீர்மானிக்க முடிவதில்லை.

படியில் இறங்கும்போது பின்னால் விளக்குமாறு மறுபடி கேட்கத் தொடங்கியது.

நான் மேல்கணக்குக்கு ஏறி வந்து சேர, அக்காவும் கீழ்க்கணக்குக் குழாயிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். லயத்து முனையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடத்தின் விளிம்பில் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"குடுத்தியாடா? என்ன சொன்னா?"

"பேரிக்காய் நல்லாருக்குன்னு சொன்னாங்க" என்றேன்.

அக்காவுக்குச் சந்தோஷம். அடுத்த காய்ப்புக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, சும்மாட்டைச் சரிசெய்து குனிந்தார். நான் குடத்தில் கை வைத்தேன். விடுடா, யாராவது பார்த்துச் சிரிக்கப் போறாங்க என்று என் கையைத் தட்டிவிட்டு, அவரே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.